கலைக்களஞ்சியத்தில் ஊர்ப்பெயர்: எழுத்து முறையும் சான்றும்
(தாம்பரம் வட்டாரத்தை முன்னிட்டு ஓர் ஆய்வு)

1. முன்னுரை

தமிழில் அகரவரிசைப்படி பொருள் விளக்கும் பெருநூல்கள் மூவகையால் தோன்றியுள்ளன. ஆ. சிங்காரவேலு முதலியார் தனியொருவராய் நின்று தொகுத்த அபிதான சிந்தாமணி, 1910ஆம் ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வாயிலாக வெளிவந்தது. தமிழ் வளர்ச்சிக் கழகம் பெ. தூரன் அவர்களை முதன்மை ஆசிரியராகக் கொண்டு வெளியிட்ட கலைக்களஞ்சியம், 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக நிறைவெய்திற்று. அதனைப் பல துறை அறிஞர்கள் எழுதினர். எனினும் எதனை எவ்வாறு அச்சிடுவது என்னும் இறுதி முடிவு ஆசிரியர் குழுவினதாகவே இருந்தது. 2003ஆம் ஆண்டில் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவோ இவ்விரண்டினின்றும் வேறுபட்டது. அதில் எழுத விரும்புவோர் யாவரும் எழுதலாம். ஒருவர் எழுதியதை மற்றொருவர் திருத்தலாம். தலைமையாசிரியர் என ஒருவர் இலர். 2017ஆம் ஆண்டில் அதன் கட்டுரைகள் ஓர் இலட்சத்தைக் கடந்தன.

இத்தகைய கூட்டு முயற்சியில் ஓயாது எழும் வினாக்கள் இரண்டு. ஒரு பெயரை எவ்வாறு எழுதுவது என்பது ஒன்று. ஒரு செய்தியை எதனைச் சான்றாகக் கொண்டு ஏற்பது என்பது மற்றொன்று. முன்னதை இலக்கணத்தார்க்கும் பின்னதை வரலாற்றார்க்கும் உரியதாகப் பிரித்துக் காண்பதே வழக்கம். அவ்வாறு பிரித்தல் பொருந்தாது என்பதும், ஊர்ப்பெயரின் எழுத்தைத் திருத்துவோர் பெரும்பாலும் ஒரு வரலாற்றுக் கூற்றையும் உடன் நாட்டுகின்றனர் என்பதும், ஆகலின் எழுத்துத் திருத்தத்திற்கும் சான்று வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் துணிபு. பரங்கிமலை முதல் வண்டலூர் வரையுள்ள சென்னையின் தென்புறப் பகுதியினின்று எடுத்துக்காட்டுகளைக் கொண்டு இதனை ஈண்டு நிறுவ முயல்வோம்.

இவ்வட்டாரத்தைத் தெரிந்துகொண்டமைக்குக் காரணம் உண்டு. 1931இல் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை மின்சார இரயில் ஓடத் தொடங்கியது. 1937இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி தாம்பரத்திற்கு இடம்பெயர்ந்தது. 2021இல் பல்லாவரம், தாம்பரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து தாம்பரம் மாநகராட்சி உருவாயிற்று. ஏரியும் வயலுமாக இருந்த சிற்றூர்கள் மூன்று தலைமுறைக்குள் மாநகரின் பகுதிகளாயின. இவற்றுள் பலவற்றிற்குத் தனி வரலாற்று நூல் இல்லை. எனவே கலைக்களஞ்சியத்தில் இடம்பெறும் சிறு கட்டுரையே அவ்வூர்க்கு முதலில் எழுதப்படும் வரலாறாக அமைந்துவிடுகின்றது. அதில் புகும் பிழையைத் திருத்துதற்குப் பிறிதொரு நூல் இன்மையின், இங்குப் பிழையின் விளைவு பெரிது.

2. முடிவு செய்வோர் யாவர்?

ஆசிரியர் குழு உள்ளவிடத்து ஒரு முறை வகுத்த நெறி எல்லாத் தொகுதிகட்கும் பொருந்தும். அதற்குரிய காரணத்தைப் படிப்போர் அறியாவிடினும் நூலின் ஒருமைப்பாடு கெடாது. கூட்டுக் களஞ்சியத்திலோ நெறியின் காரணம் வெளிப்படையாக எழுதப்பட்டிருத்தல் வேண்டும். இன்றேல் நாளை வருவோர் அதனைப் பிழையெனக் கருதி மாற்றுவர். மறுநாள் வேறொருவர் பழைய வடிவை மீட்பர்.

அக்களஞ்சியத்தின் பெயரே இதற்கு நல்ல சான்று. விக்கிபீடியா எனவும் விக்கிப்பீடியா எனவும் இருவகையாக எழுதுவர். முன்னதில் உயிர்கட்கு இடையே தனித்து நிற்கும் பகரம் தமிழ் ஒலிமரபின்படி மெலிந்து ஒலிக்கும். மூலத்திலுள்ள வல்லொலி வேண்டுமாயின் பகரத்தை இரட்டித்தல் வேண்டும். இக்காரணம் தெரிந்தவர் இரண்டாம் வடிவைக் கைக்கொள்வர். தெரியாதவர் அதனை மிகையெனக் களைவர்.

இவ்விதி ஊர்ப்பெயர்க்கும் உரியது. மாடம்பாக்கம், மீனம்பாக்கம், கோவிலம்பாக்கம் என்பவற்றில் மெல்லெழுத்தை அடுத்து வரும் பகரம் மெலிந்தொலித்தல் இயல்பு. மேடவாக்கத்தில் அது வகரமாகவே திரிந்துவிட்டது. ஊரப்பாக்கத்தில் ஒற்று இரட்டித்து வல்லொலி நிற்கின்றது. சிட்லபாக்கம் என்றும் சிட்லப்பாக்கம் என்றும் எழுதப்படும் பெயரில் எது தக்கது என்பதனை, ஊரார் வாயில் அது எவ்வாறு ஒலிக்கின்றது என்று கேட்டே தெளிதல் வேண்டும். ஈண்டுச் சான்றாவது செவி. ஆயினும் அதுவும் சான்றேயாம்.

கணிப்பொறியில் வழிமாற்று என்னும் வசதி உண்டு. படிப்பவர் எவ்வடிவைத் தேடினும் அவரை ஒரே கட்டுரைக்குக் கொண்டு சேர்ப்பது அது; அச்சு நூல்களில் ‘காண்க’ என்று எழுதுவதனோடு ஒத்தது. இதனால் வேறுபட்ட வடிவங்கள் யாவும் காக்கப்படுகின்றன. ஆயினும் எதனைத் தலைப்பாக்குவது என்னும் வினாவை அது தீர்ப்பதில்லை.

3. அயற்சொற்களும் ஆட்பெயர்களும்

அயற்பெயர்களை எழுதுதற்குத் தமிழிலக்கணம் வழி வகுத்துள்ளது. வடசொற்கள் வடவெழுத்தினின்று நீங்கித் தமிழெழுத்தோடு பொருந்தி வருதலைத் தொல்காப்பிய எச்சவியல் கூறும். ரகரத்தின் முன் அ, இ, உ என்பனவும், லகரத்தின் முன் இ, உ என்பனவும், யகரத்தின் முன் இகரமும் வருதலை நன்னூற் பதவியல் கூறும். மெய்யெழுத்து மொழிமுதலாகாது என்பதும் அறிந்ததே. இவ்விதிகளை இக்காலப் பெயர்கட்கு எவ்வளவு தூரம் கொண்டு செல்லலாம் என்பதில்தான் கருத்து வேறுபாடு.

குரோம்பேட்டையை எடுத்துக்கொள்வோம். குரோமிய உப்பினால் தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்று இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கு நடைபெற்றது. அதனால் வந்தது இப்பெயர். க்ரோம்பேட், க்ரோம்பேட்டை, குரோம்பேட், குரோம்பேட்டை என நால்வகையாகவும் எழுதக் காண்கின்றோம். மெய்ம்முதலை விலக்கி உகரம் சேர்த்ததும், ‘பேட்’ என ஆங்கிலத்திற் குறுகியதைப் பேட்டை என நிறைத்ததும் மக்களே செய்தவை. எனவே இலக்கணமும் வழக்கும் இங்கு ஒரே திசையில் நிற்கின்றன. குரோம்பேட்டை என்பதே கொள்ளத்தக்கது.

தாம்பரம் சானடோரியத்தின் நிலை வேறு. டேவிட் சௌரிமுத்து என்னும் மருத்துவர் 1928இல் அங்குக் காசநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். சானடோரியம் என்பது நோயர் தங்கி நலம் பெறும் இல்லத்திற்குரிய பொதுப்பெயர். நாளடைவில் அதுவே இரயில் நிலையத்திற்கும் சுற்றுப்புறத்திற்கும் இடப்பெயராயிற்று. இதனை ‘நலவாழ்வகம்’ என மொழிபெயர்த்துத் தலைப்பாக்கினால் மொழித்தூய்மை கிட்டலாம். ஊரை அடையாளம் காண இயலாது. மருத்துவமனையின் பொருளை விளக்கத் தமிழ்ச்சொல் தருக. இடப்பெயரை இடப்பெயராகவே விடுக. இரண்டும் வெவ்வேறு பணிகள்.

அம்மருத்துவர் பெயரும் ஒரு வினாவை எழுப்புகின்றது. ஆங்கிலத்தில் அவர் எழுதிய வடிவைக் கொண்டு சௌரி எனவும் சவரி எனவும் படிக்கலாம். தமிழ்ப்பெயர் ஆங்கிலத்திற்குச் சென்று மீண்டும் தமிழுக்கு வரும்போது இத்தகைய இருமை தோன்றும். இதனை இலக்கணத்தால் தீர்க்க இயலாது. அவரோ அவர் காலத்தாரோ தமிழில் எழுதியது எவ்வாறு என்று கண்டே தீர்த்தல் வேண்டும்.

பிறநாட்டார் பெயரில் சிக்கல் இன்னும் மிகுதி. 1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டறிந்த நிலவியலறிஞரை ராபர்ட் புரூஸ் ஃபுட், இராபர்ட் புரூசு பூட் எனப் பலவாறு எழுதுவர். ஆய்தம் குற்றெழுத்தின் பின்னும் உயிரோடு புணர்ந்த வல்லெழுத்தின் முன்னும் வருதலே மரபு. அது மொழிமுதலில் வருதல் மரபன்று. ஆய்தத்தை நீக்கி, ஈற்று வல்லெழுத்திற்கு உகரமும் சேர்த்து விதியை முற்றக் கடைப்பிடிப்பின் அப்பெயர் ‘புட்டு’ என்றாகி, அறிஞர் சிற்றுண்டியாகிவிடுவார். விதி தவறன்று, பெயரின் பயன் ஒருவரை இனங்காட்டல் என்பதை மறந்தமையே தவறு. ஆட்பெயரில் தமிழ் ஒலிமரபிற்கு இயன்றவரை இயைந்த வடிவைத் தலைப்பிலும், மூல ஒலிப்பைக் கட்டுரையின் முதல் வரியிலும் தருதல் இரு சாரார்க்கும் ஒத்த நெறியாகும்.

ஈண்டு ஒரு வேறுபாட்டைக் குறித்தல் தகும். 1954 முதல் 1968 வரை வெளிவந்த கலைக்களஞ்சியத் தொகுதிகள் பழைய வரிவடிவில் அச்சிடப்பட்டவை. 1978ஆம் ஆண்டு அரசாணைக்குப் பின் ணா, றா, னை, லை போன்றவற்றின் வரிவடிவம் மாறிற்று. பழைய தொகுதியினின்று எடுத்தாளுவோர் வரிவடிவை மாற்றலாம்; எழுத்து முறையை மாற்றலாகாது. முன்னது உடை, பின்னது உடல்.

4. எழுத்துத் திருத்தமும் வரலாற்றுக் கூற்றும்

இனித் தமிழ்ப் பெயர்களுக்கு வருவோம். செங்கல்பட்டு என்பதே இன்று அரசு வழங்கும் மாவட்டப் பெயர். புணர்ச்சி விதி கற்றோர் அதனைச் செங்கற்பட்டு எனத் திருத்துவர். பழைய நூல்களிலும் அவ்வடிவம் பயில வழங்குகின்றது. லகரம் வல்லெழுத்தின் முன் றகரமாதல் விதியே. ஆயின் அத்திருத்தம் செய்வோர், இவ்வூர்ப்பெயரில் உள்ளது செங்கல் என்னும் சொல்லே என்று தம்மையறியாமலே ஒப்புகின்றனர். செங்கழுநீர்ப்பட்டு என்பதே இதன் பழம்பெயர் என்னும் கொள்கையும் உண்டு. அதனை ஏற்போர்க்குச் செங்கல்லே இல்லை. ஆகவே அங்குப் புணர்ச்சியும் இல்லை. எனவே ‘ல்’லை ‘ற்’ ஆக்குதல் எழுத்துப்பிழை நீக்கம் போலத் தோன்றினும், சொற்பிறப்பைப் பற்றிய ஒரு தீர்ப்பாகவே முடிகின்றது. தீர்ப்பிற்குச் சான்று வேண்டும்.

திரிசூலம் மற்றோர் எடுத்துக்காட்டு. சென்னை விமான நிலையத்தை அடுத்த மலைகளுக்கிடையே உள்ள இவ்வூர் கல்வெட்டுகளில் திருச்சுரம் எனக் காணப்படுகின்றது. சுரம் என்பது வறண்ட நிலத்தையும் அரிய வழியையும் குறிக்கும் தமிழ்ச்சொல். காலப்போக்கில் திருச்சுரம் திரிசூலமாக, சிவபெருமான் படைக்கலத்தோடு பெயர் இயைபு பெற்றுவிட்டது. இன்று வழங்கும் பெயர் திரிசூலம் என்பதில் ஐயமில்லை. ஆதலால் தலைப்பு அதுவே. ஆயின் ஊருக்குப் பெயர் வந்த காரணம் சூலமே என்று எழுதுவாராயின், கல்வெட்டு அதனை மறுக்கும். தலைப்பிற்குச் சான்று இன்றைய வழக்கு. பெயர்க்காரணத்திற்குச் சான்று பழைய ஆவணம். ஒன்றன் சான்றைக் கொண்டு மற்றொன்றை நிறுவலாகாது.

வேளச்சேரி இதனினும் நுட்பமானது. அவ்வூர்த் தண்டீசுவரர் கோயிற் கல்வெட்டுகளில் வரும் பெயரை வெளிச்சேரி எனப் படிப்பர். ஊர்க்கதையோ வேதச்ரேணி என்பதனோடு இதனை இணைக்கும். கதையினும் கல்லே வலிது என்று உடனே கூறிவிடலாம். ஆயினும் கல்லையும் நாம் நேரே படிப்பதில்லை. பதிப்பித்தோர் படித்ததையே படிக்கின்றோம். பழைய கல்வெட்டுகளில் பெரும்பாலும் புள்ளி இடப்படுவதில்லை. எகர ஏகாரங்கட்கும் ஒகர ஓகாரங்கட்கும் வரிவடிவில் வேறுபாடு காட்டப்படுவதில்லை. ஆகவே முதலெழுத்து வெகரமா வேகாரமா என்பது கல்லில் இல்லை. பதிப்பாசிரியர் துணிபில் உள்ளது. சான்று காட்டுவோர் ‘கல்வெட்டில் உள்ளது’ என்று மட்டும் எழுதாமல், எத்தொகுதியில், எவ்வெண்ணுடைய கல்வெட்டு, பதிப்பித்தோர் எவ்வாறு படித்தனர் என்பனவற்றையும் குறித்தல் இதனால் இன்றியமையாததாகின்றது.

தாம்பரத்தின் பெயர்க்காரணமும் இவ்வகையினதே. தாம்பரம் என்னும் சொல்லுக்குச் செம்பு என்னும் பொருள் உண்டு. அதனால் அவ்வூர் செம்பினாற் பெயர் பெற்றது என எழுதிவிடுதல் எளிது. ஒலி ஒப்புமை, ஆராயத் தூண்டும் குறிப்பேயன்றி முடிவுக்குரிய சான்று அன்று. செம்புத் தொழிலோ செம்புக் கனியோ அங்கு இருந்தமைக்கு ஆவணம் காட்டாதவரை, ‘இவ்வாறு கருதுவாரும் உளர்’ என்று, கருதுவோர் பெயரும் நூலும் சுட்டியே எழுதல் வேண்டும். பல்லாவரத்தைப் பல்லவபுரம் என்பதன் திரிபாகக் கூறுவோர்க்கு, மகேந்திரவர்மன் விருதுப்பெயர்கள் பொறித்த குடைவரை அங்கு இருப்பது துணையாகின்றது. இரண்டு கூற்றுகளும் ஒலி ஒப்புமையிலேயே தொடங்குகின்றன. ஆயின் ஒன்றற்குப் பிற சான்று உண்டு, மற்றொன்றற்கு அது காட்டப்பெறவில்லை. இவ்வேற்றுமையைக் கட்டுரையின் சொல்லமைப்பே காட்டல் வேண்டும்.

5. சான்றின் தகுதியும் எல்லையும்

ஒவ்வொரு சான்றும் ஒரு பொருளை நிறுவும், பிறிதொன்றை நிறுவாது. இவ்வெல்லையை மறத்தலே கூட்டுக் களஞ்சியத்தின் தலையாய குறை.

பல்லாவரக் கற்கருவியைக் கண்டறிந்த நாளுக்கும் இடத்திற்கும் புரூசு பூட்டின் குறிப்புகளே முதன்மைச் சான்று. அக்கருவிகள் பற்றிய அவர்தம் கட்டுரை 1866இல் சென்னை இலக்கிய அறிவியல் இதழில் வெளிவந்தது. ஆயின் அவை எவ்வளவு தொன்மையானவை என்பதற்கு அது சான்றாகாது. காலங்கணிக்கும் முறைகள் அன்று இல்லை. 2011இல் வெளிவந்த ஆய்வு ஒன்று அத்திரம்பாக்கக் கருவிகட்கு ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுத் தொன்மை கூறியது. அத்திரம்பாக்கம் கொற்றலை ஆற்றுப் பள்ளத்தாக்கில், திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது. அக்காலக் கணிப்பைச் சான்றாகக் காட்டிப் பல்லாவரத்தில் 15 இலட்சம் ஆண்டுகட்கு முன் மக்கள் வாழ்ந்தனர் என ஒருவர் எழுதின், சான்றும் மெய், எண்ணும் மெய், கூற்று மட்டும் பொய்யாகும். இத்தகைய பிழை சான்றின்மையினும் கொடிது. அடிக்குறிப்பைக் கண்டு படிப்போர் ஐயுறாது செல்வர்.

அரசாவணம் இன்றைய நிலையை நிறுவும். ஆயின் ‘இன்று’ என்பது மாறும். தாம்பரம் பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்தது. 1997இல் அம்மாவட்டம் பிரிக்கப்பட்டபோது காஞ்சிபுரம் மாவட்டத்திற்கு உரியதாயிற்று. 2019இல் புதிய செங்கல்பட்டு மாவட்டத்திற்கு உரியதாயிற்று. மூன்று காலத்து நூல்கள் மூன்று விதமாகக் கூறின் மூன்றும் மெய்யே. ஆண்டு குறியாமல் எழுதுதலே அவற்றை முரண்போலக் காட்டுகின்றது. மேலும், 2020 சூன் மாதத்தில் 1,018 ஊர்ப்பெயர்களைத் தமிழ் ஒலிப்பிற்கேற்ப ஆங்கிலத்தில் எழுதும் முறையைத் தமிழக அரசு வெளியிட்டு, அதே மாதத்திலேயே திரும்பப் பெற்றது. அப்பட்டியலை இன்றும் நடைமுறை ஆணையாகக் காட்டுதல் தகாது. எழுத்து முறை பற்றிய விவாதத்தின் வரலாற்றிற்கு அது சான்றாகலாம்.

தலபுராணம், ஊரார் எதனை நம்பினர் என்பதற்குச் சான்று. என்ன நிகழ்ந்தது என்பதற்கு அன்று. அதனைப் பொய்யென ஒதுக்கலும் மெய்யென நாட்டலும் ஒருங்கே தவறு. வேதச்ரேணிக் கதை வேளச்சேரிக் கட்டுரையில் இடம்பெறல் வேண்டும். ‘தலபுராணம் கூறுவது’ என்னும் தலைமையின் கீழ் இடம்பெறல் வேண்டும்.

கூட்டுக் களஞ்சியத்திற்கே உரிய இடர் ஒன்றுண்டு. அதனை வட்டச் சான்று எனலாம். களஞ்சியத்தில் ஒருவர் சான்றின்றி எழுதியதை நாளிதழோ வழிகாட்டி நூலோ பெயர் சுட்டாது எடுத்தெழுதும். பின்வருவோர் அவ்வெழுத்தையே சான்றாகக் களஞ்சியத்திற் சேர்ப்பர். தன் நிழலையே தனக்குத் துணையாக நிறுத்தினாற் போன்றது இது. சான்றாகக் காட்டப்படும் எழுத்து, களஞ்சியத்தில் அச்செய்தி ஏறிய நாளுக்கு முற்பட்டதா என்று பார்த்தல் இதற்கு முதற் காப்பு. களஞ்சியத்தின் ஒவ்வொரு மாற்றமும் நாள் நேரத்துடன் பதிவாதலின் இதனை எவரும் செய்யலாம்.

6. பல்கலைக்கழகத்தின் கடமை

வாய்மொழிச் செய்தி எஞ்சி நிற்கின்றது. ஏரிகளின் பெயர், மதகுகளின் பெயர், தெருக்களின் பழம்பெயர் ஆகியன முதியோர் நினைவில் மட்டும் உள்ளன. களஞ்சியத்தின் நெறியோ, வெளியிடப்பட்ட சான்றால் சரிபார்க்க இயலாத செய்தியை ஏற்பதில்லை. மெய்யறிதன்மை என அதனை வழங்குவர். எழுதுவோர் தாமே கண்ட புத்தாய்வையும் அது ஏற்பதில்லை. இந்நெறியைக் குறைகூறுவோர் உளர். நெறியைத் தளர்த்தின் மெய்யும் கற்பனையும் வேறுபாடின்றிப் புகும். தளர்த்தாவிடின் எழுதப்படாத ஊர்களின் வரலாறு எழுதப்படாமலே போகும்.

இவ்விடர்ப்பாட்டினின்று நீங்கும் வழி களஞ்சியத்திற்கு வெளியே உள்ளது. பட்டமேற்படிப்பு மாணவர்கள் தத்தம் ஊரின் நீர்நிலை, புலம், தெரு ஆகியவற்றின் பெயர்களை, சொன்னவர் அகவை, சொன்ன நாள், ஒலித்த முறை ஆகியவற்றோடு தொகுத்து, வருவாய்த்துறை வரைபடங்களோடும் கல்வெட்டுத் தொகுதிகளோடும் ஒப்பிட்டுத் துறை இதழ்களில் வெளியிடுவாராயின், வாய்மொழி வெளியிடப்பட்ட சான்றாகும். அதன்பின் களஞ்சியம் அதனைத் தடையின்றி ஏற்கும்.

7. முடிபு

மேற்கூறியவற்றால் போந்த நெறிகளைத் தொகுத்துரைப்போம். ஒன்று: ஊர்க்கட்டுரையின் தலைப்பு இன்று வழங்கும் தமிழ் வடிவாக இருத்தல் வேண்டும், பிற வடிவங்கள் வழிமாற்றாக நிற்றல் வேண்டும். இரண்டு: பழைய வடிவங்களை ஆண்டும் ஆவணமும் குறித்துக் கட்டுரையுள் தருதல் வேண்டும். மூன்று: அயற்சொல்லை எழுதுங்கால் தமிழ் ஒலிமரபு முதலிலும், இனங்காட்டும் பயன் அதனை வரையறுப்பதாகவும் நிற்றல் வேண்டும். நான்கு: சொற்பிறப்பை மாற்றக்கூடிய எழுத்துத் திருத்தத்தைச் சான்றின்றிச் செய்தலாகாது. ஐந்து: ஒவ்வொரு சான்றும் அது நிறுவும் கூற்றின் அருகிலேயே நிற்றல் வேண்டும்.

இவற்றுள் நான்காவதே நாம் வற்புறுத்த விழைவது. இலக்கணம் கற்றோர் பிழை கண்டவிடத்துத் திருத்த விரைதல் இயல்பு. அது பாராட்டத்தக்கதும் ஆகும். ஆயினும் ஊர்ப்பெயரில் பிழையெனத் தோன்றுவது சில வேளைகளில் அழிந்த சொல்லொன்றின் எச்சமாக இருக்கலாம். தாம்பரத்தைச் சூழ்ந்த சிற்றூர்களில் ஏரிகள் சுருங்கி மனைகள் பெருகிவிட்டன. பழைய நிலத்தின் அடையாளம் பல இடங்களில் பெயரில் மட்டுமே நிற்கின்றது. அப்பெயரைத் திருத்துமுன் அவ்வூர்க் கோயிற் கல்வெட்டின் பதிப்பையும் வருவாய்த்துறைப் பதிவேட்டையும் ஒருமுறை பார்த்தல் எழுதுவோர் கடனாம்.